அக்காவுக்காக நாலு விதை

ஐம்பத்துநான்காவது வயதில் நான் கஞ்சா வளர்க்கத் தொடங்கினேன். வளர்க்கச் சொன்னவள் என் அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள், ஞாயிறு பூசை தவறாதவள், எங்கள் பகுதிச் செபக்குழுவைப் பதினைந்து வருடமாகப் பொலிஸ் அதிகாரியின் கண்டிப்போடு நடத்தி வருபவள். கனடாவில் அது குற்றமில்லை. ஒரு வீட்டில் நாலு செடி வரை வளர்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் சட்டம் அனுமதித்த காரியத்தைச் செய்யும்போதுகூடக் களவெடுத்தவனைப் போல முழிக்கிற முகம் என்னுடையது. விமான நிலையங்களில் என்னைத்தான் முதலில் ஓரமாகக் கூப்பிடுவார்கள்.

அக்கா ரொறன்ரோவின் மல்வேர்னில், எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் மூன்று தரிப்புத் தள்ளி, ஒரு மாடிக் கட்டடத்தின் பன்னிரண்டாம் தட்டில் தனியே இருக்கிறாள். அத்தான் இறந்து ஆறு வருடம். தையல்தான் அவளுக்குத் தொழில், துணை எல்லாம். வருடம் முழுக்கச் சீலைச் சட்டை தைப்பாள். வசந்தம் வந்தால் புதுநன்மை உடுப்பு. முதன்முறை நற்கருணை வாங்கப் போகும் சிறுமிகள் அன்றைக்குக் குட்டி மணப்பெண்களைப் போல வெள்ளை உடுத்தி வருவார்கள். எங்கள் கோயிலில் அந்த உடுப்பு அக்காவின் கையால் வந்தால்தான் உடுப்பு. சில தாய்மாருக்குத் தைத்தவள் இப்போது அவர்களின் மகள்மாருக்கும் தைக்கிறாள்.

அந்தக் கைகள்தான் இரண்டு வருடமாகச் சொல்வழி கேட்பதில்லை. மூட்டுவாதம். காலையில் விரல்கள் மடியவே ஒரு மணித்தியாலம் எடுக்கும் என்றாள். டொக்ரர் கொடுத்த குளிசை கைக்குக் கொஞ்சம் உதவி, வயிற்றைப் பற்றவைத்தது. கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் இருந்த ஒரு பெண், கஞ்சா எண்ணெய் பூசித் தனக்குச் சுகமாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அதை நேரே டொக்ரரிடம் கேட்டாள். குளிசையை நிற்பாட்டாமல், கொஞ்சமாகப் பூசிப் பாருங்கள், எனக்கும் சொல்லுங்கள் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இதுக்கேன் அக்கா வளர்க்கவேணும்? கடையிலை கிறீமாகவே விக்கிறாங்கள். எங்கடை பிளாசாவிலையே கடை இருக்கு."

"இருக்கு. ஒரு பக்கம் மீன்கடை, மற்றப் பக்கம் சீலைக்கடை. நான் உள்ளுக்குப் போய் வெளியிலை வாறதுக்கிடையிலை பக்கத்து ஊர் பிக்கரிங் வரைக்கும் செய்தி போயிடும்."

"அப்ப நான் போய் வாங்கித் தாறன்."

"நீ போனால் என்ன வித்தியாசம்? அவவின்ரை தம்பி எண்டுதானே சொல்லுவினம்."

"தபாலிலை என்ரை வீட்டுக்கு எடுக்கலாம்."

அக்கா ஊசிப்பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தாள். "தம்பி, நான் எப்பவாவது கடைத்தூள் வாங்கிப் பாத்திருக்கிறியோ? மல்லியும் மிளகாயும் எண்டு சொல்லி என்னத்தை அரைச்சுக் கலக்கிறாங்களெண்டு ஆருக்குத் தெரியும். சாப்பிடுற தூளையே நம்பாதவள், உதை வாங்கித் தோலிலை பூசுவனோ? வளர். வளர்த்துக் கொண்டா. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"எனக்கு உது தெரியாது அக்கா."

"நீதானே புத்தகம் வாசிக்கிறனீ. வாசிச்சுச் செய்."

அவளுடைய கட்டடத்தில் செடி வளர்க்க விடமாட்டார்கள். எங்களுடையது சொந்த வீடு, பேஸ்மென்ற் உண்டு. அத்துடன் அக்காவுக்கு நான் 'இல்லை' என்று கடைசியாகச் சொன்னது ஏழு வயதில். அதற்கு என்ன நடந்தது என்பது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எனக்கு உள்ள வில்லங்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நான் இருப்புக்கொள்ளாதவன். எங்கள் வீட்டுப் புத்தகங்களில் முக்கால்வாசிக்கு நடுப்பக்கத்தில் பழைய பஸ் ரிக்கற் ஒன்று செருகியிருக்கும். அதற்கப்பால் யாரும் போனதில்லை. தியானம் பழகப் போய், கண்ணை மூடியிருந்தவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்சூரன்ஸ் கந்தோர் ஒன்றில் வேலை. கிழமையில் மூன்று நாள் வீட்டிலிருந்தே செய்யலாம். கூட்டங்களின்போது கமராவை நிற்பாட்டிவிட்டுச் சமையலறைக்கும் ஹோலுக்கும் இடையில் நடப்பேன். என் மேலாளர் ஒருமுறை, நீங்கள் ஏன் எப்போதும் மூச்சுவாங்கிக்கொண்டு பேசுகிறீர்கள் என்று அக்கறையோடு விசாரித்தார். இப்படிப்பட்டவனிடம் ஒரு செடியைக் கொடுத்து, நாலு மாதம் பொறுமையாக இரு என்பது, தவிலை மடியில் வைத்துவிட்டுத் தட்டாதே என்பது மாதிரி.

நவம்பரில் தொடங்கினேன். கறுப்புத் துணியால் ஆன, அலுமாரி அளவு கூடாரம் ஒன்று, உள்ளே வெள்ளித்தாள் மாதிரி மினுங்கும். மேலே விளக்கு, பக்கத்தில் சின்ன விசிறி, காற்றை வெளியே இழுக்க ஒரு குழாய், விளக்கை ஏற்றி அணைக்க ரைமர். பெட்டிகளை நான் ஒவ்வொன்றாக உடைத்ததைப் படியில் நின்று மனைவி பார்த்தாள். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். பகல் முழுக்கப் பிடிவாதக்காரரோடு பழகிவிட்டு வீட்டுக்கு வந்தால் நான்.

"இஞ்சருங்கோ, உதை எங்கை வைக்கப்போறியள்?"

"அந்த மூலையிலை."

"அங்கை உங்கடை ட்ரெட்மில் நிக்குது."

"அதைத் தள்ளி வைக்கலாம்."

"தள்ளாதேங்கோ. அதுக்கு மேலையே வையுங்கோ. அப்பவெண்டாலும் அதிலை ஏதாவது வளரட்டும்."

நாலு விதை. சோளப்பொரியின் கடினமான மிச்சம் போல, கபிலப் புள்ளிகளோடு இருந்தன. ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, சின்னச் சட்டிகளில் விரல்நுனி ஆழத்தில் நட்டேன். மூன்று நாளிலிருந்து ஒரு கிழமைக்குள் முளைக்கும், அதுவரை தொடாதீர்கள் என்று படித்திருந்தேன். முதல்நாள் தொடவில்லை. இரண்டாம் நாள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் இடையில் கீழே இறங்கிப் பார்த்தேன். மண், மண்ணாகவே இருந்தது. மூன்றாம் நாள் காலை ஐஸ்கிறீம் குச்சி ஒன்றால் ஒரு சட்டியின் ஓரத்தை மெல்லக் கிளறினேன். உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத்தான். இருந்தது. வெள்ளையாக, நூல் போல ஒரு வேர். குச்சியின் நுனியில் இரண்டாகக் கிடந்தது.

மீதி மூன்றும் ஐந்தாம் நாள், என்னுடைய உதவி இல்லாமலே, தலையைத் தூக்கின.

அக்கா ஒவ்வொரு மாலையும் ரெலிபோன் எடுத்தாள். என்ன நிறம், எத்தனை இலை என்று கேட்பாள். மூன்று கிழமைக்குப் பிறகு, ஒரு செடியின் இலை கொஞ்சம் வெளிறியிருக்கிறது என்று சொன்னேன். அதுதான் என்னுடைய அடுத்த பிழை. ரொறன்ரோவில் எங்கள் ஆட்களின் வீடுகளில், பனி கொட்டும் மாதங்களில் யன்னலோரம் கறிவேப்பிலைச் செடி ஒன்று நிற்கும். பிள்ளைகள் எந்த வகுப்பு என்று மறந்தாலும் அந்தச் செடி எத்தனை கிளை விட்டிருக்கிறது என்று மறக்கமாட்டார்கள். அதில் அக்கா பட்டம் பெற்றவள். அவளுடைய செடி பன்னிரண்டாம் தட்டில் அவளைவிட உயரமாக நிற்கிறது.

"மோர் ஊத்து," என்றாள்.

"மோரோ?"

"புளிச்ச மோர். தண்ணி விட்டுக் கலக்கி ஊத்து. கிழமைக்கு ஒருக்கால் மீன் கழுவின தண்ணி. என்ரை கறிவேப்பிலை எப்பிடி நிக்குது எண்டு பாத்தனீதானே."

"இது கறிவேப்பிலை இல்லை அக்கா."

"செடிதானே."

நான் வாசித்த எதிலும் மோர் இருக்கவில்லை. மோர் ஊற்றாதே என்றும் எதிலும் இருக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருப்பதைவிட எதையாவது ஊற்றுவது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெளிறிய செடிக்கு மோரும், அது போதாதென்று சனிக்கிழமை விளைமீன் கழுவிய தண்ணீரும் போனது. ஒரு கிழமையில் கூடாரத்துக்குள் குட்டி இலையான்கள் மொய்த்துக் குடும்பம் நடத்தின. மணம், மீன்சந்தை பூட்டிய பிறகு வருகிற மணம். செடி கீழிருந்து மேலாக மஞ்சளாகி, கடைசியில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டது. அக்காவுக்குச் சொன்னேன்.

"மோர் புளிச்சது காணாதாக்கும்," என்றாள்.

இரண்டு மிஞ்சின. அதற்குப் பிறகு நான் கொஞ்சம் அடங்கினேன். மண் காய்ந்தால் தண்ணீர், காயாவிட்டால் ஒன்றுமில்லை. அந்த 'ஒன்றுமில்லை'தான் கடினமான வேலை. நத்தார்ப் பண்டிகை தாண்டி, ஜனவரியில் இரண்டும் என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டன. இலைகள் விரித்த கைவிரல்களைப் போல. உண்மையைச் சொன்னால் அழகாக இருந்தன. நான் என் பிள்ளைகளின் படத்தைக்கூட அவ்வளவு தரம் எடுத்ததில்லை.

பூக்க வைப்பதற்கு இந்தச் செடிக்குப் பன்னிரண்டு மணித்தியால வெளிச்சம், பன்னிரண்டு மணித்தியாலக் கும்மிருட்டு. மின்சாரம் மாலை ஏழு மணிக்குப் பிறகு மலிவு. அதனால் ஏழிலிருந்து ஏழு வரை விளக்கு, பகல் முழுக்க இருட்டு என்று ரைமரை வைத்தேன். இருட்டு நேரத்தில் கூடாரத்தின் வாயை மூடுகிற சிப்பைத் திறக்கக்கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் செடி குழம்பிப்போய்ப் பூப்பதைப் பிழையாகச் செய்யும். இந்த ஏற்பாட்டில் நான் கவனிக்காமல் விட்டது, பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போகிறவன் நான்தான் என்பது.

மேலே கந்தோர்க் கூட்டம் நடக்கும். வெள்ளத்தில் நனைந்த யாரோ ஒருவருடைய தரைவிரிப்பைப் பற்றி ஒன்பது பேர் பேசுவோம். எனக்கோ காலுக்குக் கீழே, இரண்டு தட்டுக்கு அடியில், இருட்டுக்குள் என்ன நடக்கிறது என்ற யோசனை. இறங்குவேன். கூடாரத்தில் காதை வைப்பேன். விசிறிச் சத்தம். ஏறுவேன். தேத்தண்ணி போடுவேன். குடிக்காமல் இறங்குவேன். ஒருநாள் சிப்பை ஒரு அங்குலம் இழுத்து, ஒரு கண்ணால் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை. எனவே போனிலுள்ள லைற்றைப் போட்டேன்.

மனைவி அன்றைக்கு வழக்கத்தைவிட வேளைக்கு வந்துவிட்டாள்.

"உங்கடை தலைக்குள்ளை இருக்கிறது மூளையோ, விசிறியோ?" என்று கேட்டாள். பிறகு சிப்பின் பிடியில் சிவப்பு நூலால் ஒரு முடிச்சுப் போட்டாள். வேலைக்குப் போக முன்னர் போடுவாள், வந்ததும் பார்ப்பாள். மூன்றாம் நாளே அதே முடிச்சைப் போட நான் பழகிவிட்டேன். என்னுடைய வாழ்க்கையில் நான் முழுதாகக் கற்றுக்கொண்ட ஒரே கைவேலை அது.

பெப்ரவரியில் ஒரு ஞாயிறு, வழக்கம்போல, அக்காவிடம் போனேன். சாப்பாட்டு மேசை முழுக்க வெள்ளைத் துணி. பதினொரு உடுப்புக்கு ஓம் சொல்லிவிட்டாளாம்.

"ஏன் இவ்வளவு எடுத்தனீங்கள்?"

"ஆரை விடுறது? உவவின்ரை பிள்ளைக்குத் தைச்சு அவவின்ரைக்கு இல்லையெண்டு சொல்ல ஏலுமோ? அதுக்கிடையிலை உன்ரை எண்ணெய் வந்திடும்தானே."

கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு சாண் வெட்டினாள். வைத்துவிட்டுக் கையைத் தன் கம்பளிச் சட்டையின் பைக்குள் விட்டுக்கொண்டாள். நான் அந்த நேரம் போனில் மொட்டுகளின் படத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். இதைப் பாருங்கோ அக்கா, வெள்ளையாய் மயிர் விட்டிருக்கு, நல்ல அறிகுறி என்றேன். நல்லது என்றாள்.

மார்ச்சில் மணம் தொடங்கியது. காற்றை வடிகட்டுவதற்குக் கரி நிரப்பிய உருளை ஒன்றைக் குழாயில் பூட்ட வேண்டும். நான் சிக்கனமாகச் சின்னதை வாங்கியிருந்தேன். தவக்காலத்தில் செபக்குழு ஒவ்வொரு சனி பின்னேரமும் ஒவ்வொரு வீட்டில் செபமாலை சொல்லும். எங்கள் முறை வந்தது. முறையை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள், அதனால் மாற்ற முடியாது என்றாள் அக்கா. மேசையில் மாதா சொரூபம், மெழுகுதிரி, மூன்று வகைச் சாம்பிராணி. பதினாறு பேர் முழங்காலில். வீட்டுச் சூடாக்கி, எங்கள் விசுவாசத்தைச் சோதிக்கவென்றே அந்த நேரம் பார்த்து வேலை செய்யத் தொடங்கி, பேஸ்மென்றின் காற்றையெல்லாம் தரைத்துவாரங்களால் மேலே அனுப்பியது. 'அருள் நிறைந்த மரியே' பாதியில் இழுபட்டது. பின்வரிசையில் ஒரு வயதானவர் மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி, உங்கடை வீட்டுக்குக் கீழை ஸ்கங்க் செத்துக் கிடக்குது போலை."

ஸ்கங்க் என்பது வாலைத் தூக்கி நாற்றத்தைப் பீச்சுகிற கறுப்பு வெள்ளைப் பிராணி. இந்த நகரத்தில் அது எந்த வீட்டுப் படிக்கட்டுக்கு அடியிலும் இருக்கலாம். நான் இன்னொரு சாம்பிராணியைப் பற்றவைத்தேன். அக்கா செபமாலை மணியை விடாமல், தலையைத் திருப்பாமல் சொன்னாள்.

"ஓம் அண்ணை. நேற்றுத்தான் கண்டவையாம். ஆக்கள் வந்து எடுப்பினம்."

அப்படியே அடுத்த மணிக்குப் போய்விட்டாள். எல்லோரும் போன பிறகு, சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு என்னிடம் சொன்னாள். "செபத்துக்கு நடுவிலை பொய் சொல்ல வைச்சிட்டாய். பாவசங்கீர்த்தனத்திலை சுவாமியாரிட்டை உதை என்னெண்டு சொல்லுறது? ஸ்கங்க் எண்டோ, கஞ்சா எண்டோ?"

அறுவடை எப்போது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. மொட்டுகளில் கண்ணுக்குத் தெரியாத பிசின் துளிகள் இருக்கும். பூதக்கண்ணாடியால் பார்த்தால் முதலில் கண்ணாடி போலவும், பிறகு பால் போலவும், பிறகு தேன் போலவும் தெரியும். பால் நிறம் நன்றாகப் பரவும் வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். நகைக்கடைக்காரர் வைத்திருக்கிற மாதிரி ஒரு கண்ணாடி வாங்கி, மாலை ஏழு மணிக்கு விளக்கு எரிந்ததும் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றேன். பாலா கண்ணாடியா என்று தெரியவில்லை. ஆடாமல் பிடிக்க வேண்டும், என் கையோ ஆடும். ஒருநாள் பார்த்தால் பால், மறுநாள் பார்த்தால் கண்ணாடி. அக்கா வேறு தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு கிழமை என்று எல்லா ஆலோசனையும் சொன்ன ஒரு புதன்கிழமை நான் வெட்டிவிட்டேன்.

பத்து நாள் இருட்டில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். நாலாம் நாள், தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல், சுளகில் பரப்பிச் சூட்டுத் துவாரத்துக்கு மேலே வைத்தேன். மோர்மிளகாய் காயவைக்கிற எங்கள் வழக்கம் அது. அடுத்த நாள் மொரமொர என்று காய்ந்திருந்தது. அக்காவுக்குச் சொன்னேன். மத்தியானப் பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஒரு பையில் இரண்டு போத்தல் தேங்காய் எண்ணெய். இன்னொரு பையில் அவளுடைய தாச்சி, மிளகாய்த்தூள் வறுக்கிற பெரிய இரும்புத் தாச்சி.

இந்த இடத்தில் நான் வாசித்ததைச் சொன்னேன். பச்சையாக எண்ணெயில் போட்டால் வேலை செய்யாது. முதலில் சூடாக்க வேண்டும். ஆனால் கேக் சுடுகிற அவனில், மிகக் குறைந்த சூட்டில், தட்டில் பரப்பி, முக்கால் மணித்தியாலம்.

"சூடாக்கத்தானே வேணும்?"

"ஓம். ஆனால் அவனிலை—"

"அவன் எண்டுறது மூடின பெட்டி. பதம் வந்திட்டுதெண்டு என்னெண்டு தெரியும்? மணத்தாலை பிடிக்கவேணும் தம்பி. நான் நாப்பது வருசமாய்த் தூள் வறுக்கிறன். மல்லி எப்ப, சீரகம் எப்ப எண்டு என்ரை மூக்குக்குத் தெரியும்."

"இதுக்கு உங்கடை மூக்குப் பழக்கமில்லையே அக்கா."

"பழகும்."

தாச்சியை அடுப்பில் வைத்தாள். அகப்பையைப் பிடித்து இரண்டு தரம் கிளறிவிட்டு என்னிடம் தந்தாள். "நீ கிளறு, நான் சொல்லுறன்." நான் கிளறினேன். அவள் பக்கத்தில் நின்று மூக்கால் கண்காணித்தாள். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காமல் இருந்தால் எனக்கு என்ன நடக்கும் என்று சொல்லியிருக்கிறேன். நெருப்பைக் கொஞ்சம் கூட்டினேன். அக்கா பார்க்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

"நிறம் மாறட்டும்," என்றாள்.

மாறியது. பச்சை, காய்ந்த தேயிலையாகி, பிறகு வறுத்த மல்லியாகி, பிறகு பெயர் இல்லாத ஒரு நிறத்துக்கு வந்தது. "இப்ப பொன்வறுவல், இறக்கு," என்று அவள் சொன்னபோது சமையலறையில் நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் மங்கலாகத் தெரிந்தோம். புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கியது. நான் கதிரையில் ஏறித் துவாயால் அதை விசிறிக்கொண்டிருந்தபோது மனைவி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். அவள் எங்களைப் பார்த்தாள். தாச்சியைப் பார்த்தாள். எல்லா யன்னலையும் திறந்துவிட்டு, வெளியே போய்க் காருக்குள் இருந்துகொண்டாள். அன்று பின்னேரம் அக்காவும் நானும் ஒரு பிஸ்கற் பெட்டியை முழுக்க முடித்தோம் என்பதைத் தவிர அந்தப் புகையைப் பற்றி நான் வேறு எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அரைத்து, தேங்காய் எண்ணெயில் மெல்லிய சூட்டில் வைத்து, துணியால் வடித்தோம். எண்ணெய், கராஜ்காரன் காரிலிருந்து இறக்கியது போல இருந்தது. அக்கா அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் ஊற்றி மகிழ்ச்சியோடு கொண்டுபோனாள்.

பத்து நாள் பூசினாள். நான் தினமும் கேட்டேன், எப்படி என்று. "பொரிச்ச கத்தரிக்காய் மாதிரி மணக்குது," என்பாள். கை எப்படி என்றால், பாப்பம் என்பாள். நான் திரும்பவும் வாசிக்கத் தொடங்கினேன், இந்த முறை முடிவுவரை. எங்களுக்கு வேண்டிய சாமான் மென்சூட்டில் விழிக்கும், கடுஞ்சூட்டில் பறந்துவிடும் என்று எழுதியிருந்தது. நாலரை மாதம் வளர்த்ததை இருபது நிமிடத்தில், அடுப்புக்கு மேலிருந்த விசிறி வழியாக, மல்வேர்ன் மக்கள் அனைவருக்கும் வழங்கியிருக்கிறோம். அக்கா பூசிக்கொண்டிருந்தது வெறும் தேங்காய் எண்ணெய்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை இதைச் சொல்லப் போனேன். பஸ்ஸில் போகாமல் காரை எடுத்துக்கொண்டு, அவளுடைய கட்டடத்தைச் சுற்றி மூன்று தரம் ஓடினேன். மேசையில் மூன்று உடுப்பு வெட்டி முடிந்திருந்தது. மற்ற எட்டும் துணியாகவே மடிந்து கிடந்தன. நின்றுகொண்டே சொன்னேன். சூடு கூடிவிட்டது. அதைக் கூட்டியது நான்தான். வெட்டியதும் இரண்டு கிழமை முந்தி. திரும்பவும் விதை போடலாம், இந்தத் தடவை ஒன்றையும் கிளறமாட்டேன், ஓகஸ்ட் மட்டில்—

"ஓகஸ்ட்," என்றாள் அக்கா. "புதுநன்மை மே மாசம்."

நான் யன்னலுக்குப் போனேன். திரும்பி வந்தேன். கறிவேப்பிலையின் ஒரு இலையைக் கிள்ளினேன்.

"அதை விடு," என்றாள். எழுந்துபோய்க் கோட்டை எடுத்தாள். "காரை எடு."

"எங்கை?"

"பிளாசாவுக்கு."

நான் காரை வேண்டுமென்றே தூரத்தில், சலவைக் கடைக்கு முன்னால் நிற்பாட்டினேன். சனிக்கிழமை பதினொரு மணி. மீன்கடைக்கு வெளியே வரிசை. எனக்குத் தெரிந்த முகம் இரண்டு, அக்காவுக்குத் தெரிந்தது இருபது இருக்கும்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. உவை போகட்டும்."

"சனிக்கிழமை உவை போனால் வேறை ஆக்கள் வருவினம்."

"இல்லாட்டி நான் மட்டும் தொப்பியைப் போட்டுக்கொண்டு—"

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அக்கா கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வாகனங்களுக்கு நடுவால் நேரே நடந்தாள். மீன்வரிசையில் நின்ற ஒரு பெண் கூப்பிட்டாள். "அன்ரி, எங்கை இந்தப் பக்கம்?"

"மருந்து வாங்க," என்றாள் அக்கா, நிற்காமல்.

நான் பின்னால் ஓடினேன். வாசலில் எங்கள் வயதைச் சரிபார்க்க அடையாள அட்டை கேட்டார்கள். அக்கா அறுபது வயதை ஒருவிதப் பெருமையோடு எடுத்துக் காட்டினாள். உள்ளே பல் வைத்தியரின் காத்திருப்பு அறை போல வெள்ளை வெளேரென்று இருந்தது. கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். எங்களைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள்.

"வாங்கோ அன்ரி. என்ன பாக்கிறியள்?"

நான் முந்திக்கொண்டு, பூசுகிற வகை, எத்தனை வீதம், எந்த எண்ணெயில் கலந்தது என்று நாலரை மாத அறிவையும் கொட்டத் தொடங்கினேன். அந்தப் பெண் தலையாட்டிக் கேட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"எங்கை நோகுது அன்ரி? கையைக் காட்டுங்கோ. நான் டொக்ரர் இல்லை. ஆனால் பாத்தால்தானே எது பூச லேசெண்டு சொல்லலாம்."

அக்கா இரண்டு கையையும் கண்ணாடி மேல் வைத்தாள். விரல் மூட்டுகள் வீங்கி, சிவந்து, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கமாகச் சரிந்திருந்தன. சுட்டுவிரல் நீட்டியும் நிமிரவில்லை. இடக்கையில் கலியாண மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் மட்டும்.

"மோதிரம் எங்கை அக்கா?"

"நத்தாருக்கு முதல் அறுத்தெடுத்தது. விரல் வீங்கிப்போச்சு."

நத்தாருக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நான் அவள் மேசைக்கு முன்னால் இருந்திருக்கிறேன். அவளுக்குப் படம் காட்டியிருக்கிறேன். இலையில் ஒரு மஞ்சள் புள்ளி விழுந்த நாள் கேட்டால் திகதியோடு சொல்வேன்.

அந்தப் பெண் ஒரு கிறீமை எடுத்துத் தந்தாள். மயக்கம் வராத வகை, முதலில் கொஞ்சமாக ஒரு விரலில் பூசிப் பாருங்கோ, குளிசையோடு ஒத்துப்போகுமா என்று டொக்ரரிடம் ஒருமுறை கேளுங்கோ என்றாள். அக்கா நன்றி சொல்லி, அவள் எந்தக் கோயில் என்று விசாரித்து, அவள் சைவம் என்றதும் அதனாலென்ன என்று சொல்லிவிட்டு வந்தாள்.

காரில் ஏறியதும் டப்பாவைத் திறக்கப் பார்த்தாள். பிள்ளைகள் திறக்கக்கூடாதென்று அமத்திச் சுழற்றுகிற மூடி போட்டிருந்தார்கள். மூட்டுவாதக்காரர் திறப்பது பற்றி யாரும் யோசிக்கவில்லை. நான் வாங்கித் திறந்தேன், மூன்றாம் முறைதான் திறந்தது. அக்கா கையை நீட்டினாள். கொஞ்சம் எடுத்துப் பெருவிரலில் தொடங்கினேன். புதினா மாதிரி மணத்தது. ஒவ்வொரு மூட்டும் சுடுகல் போலச் சூடாக இருந்தது.

"அந்தப் பிறம்ரன்காரிக்குப் போன் அடிச்சுக் கேக்கவேணும்," என்றாள். பிறம்ரனில் தையல் செய்கிற ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியும். அவளுடைய தையலைப் பற்றி அக்கா இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

"என்னெண்டு?"

"நாலு உடுப்பைத் தாறன், தைச்சுத் தா எண்டு."

"உங்களுக்குச் சம்மதமோ?"

"சம்மதமெண்டு ஆர் சொன்னது? ஏழுதான் என்னாலை ஏலும். இல்லையெண்டால் பிள்ளையள் உடுப்பில்லாமல் நிக்குங்கள்." கண்ணாடிக்கு வெளியே மீன்வரிசையைப் பார்த்தாள். அங்கிருந்தவர்களும் எங்களைப் பார்த்தார்கள். "மடிப்பை அவள் பெரிசாய் வைப்பாள். பரவாயில்லை, நான் போய்ப் பக்கத்திலை நிக்கிறன்."

நான் நடுவிரலை முடித்து மோதிரவிரலுக்கு வந்திருந்தேன். அந்த வெள்ளை வளையத்தைச் சீக்கிரம் தாண்டிவிடப் பார்த்தேன்.

"மெதுவாப் பூசு," என்றாள் அக்கா. "எங்கை ஓடுறாய்?"